கால் யாருடையது?

பெயர் பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் மைதானத்திலே அடிபட்டு விழுந்தால் அபிமானிகள் கண்ணீர் விடுகிறார்கள். அதே ஆட்டக்காரர் தமது ஓய்வு நாளில், தமது சொந்தக் காரியமாகச் சென்ற இடத்தில் அடிபட்டால் அதே அபிமானிகள் கோபங்கொள்ளுகிறார்கள். முறிந்த எலும்பு ஒன்றே. படும் வேதனையும் ஒன்றே. ஆயினும் முன்னதற்குக் கிடைக்கும் அனுதாபம் பின்னதற்குக் கிடைப்பதில்லை. "அவருக்கு அங்கே என்ன வேலை?" என்ற கேள்விதான் முதலில் பிறக்கிறது. அந்தக் கேள்வி நியாயமானதுதானா என்று இன்று ஆராய விரும்புகிறோம். பார்வைக்கு இது விளையாட்டு விஷயம் போலத் தோன்றும். உள்ளே புகுந்து பார்த்தால், உழைப்பவனுடைய தேகத்தின்மீது மற்றவர்களுக்கு எவ்வளவு பாத்தியதை உண்டு என்ற பெரிய விஷயமே இதில் அடங்கியிருப்பது புலப்படும்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வசிப்போருக்கு இது அயலார் விவகாரமல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டும், ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் வளர்த்த ஊர்கள் இவை. ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் புழுதித் திடலில் பந்து உதைக்கிறார்கள். நடுநிசியில் கண்விழித்து ஐரோப்பிய கிளப்புகளின் ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். சென்னையின் எப்.சி. ஆடிய நாட்களில் மின்சார ரயிலேறி நேரு ஸ்டேடியத்துக்குச் சென்று தொண்டை கட்டும்வரை கூவியவர்களும் இவர்களே. ஆகவே ம்யூனிக் நகரத்து ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தால் ஆவடி டீக்கடையில் அதைக் குறித்து வாதம் நடப்பதில் வியப்பொன்றுமில்லை. அந்த வாதத்திலே தொழிலாளியானவன் எந்தப் பக்கம் நின்று பேசுகிறான் என்பதே நமது கவலை.

ம்யூனிக் நகரத்து விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2014-ம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியின் கோல் கீப்பர் மானுவேல் நொய்யர். 2022 டிசம்பர் 1-ந் தேதி கத்தாரில் ஜெர்மனி முதற் சுற்றோடு வெளியேறிற்று. தோல்வியின் மனச்சோர்வு தீர அவர் பனிமலைக்குச் சறுக்கப் போனார். அங்கே கீழ்க்கால் முறிந்தது. டிசம்பர் 10-ந் தேதி அவரே அதை உலகுக்கு அறிவித்தார். பயர்ன் ம்யூனிக் கிளப்பின் காப்டன் அவர். சீசனோ பாதியில் நின்றது. கிளப் வேறு வழியின்றி 2023 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் யான் ஸோம்மரை விலை கொடுத்து வாங்கிற்று. அபிமானிகள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். விரைவில் குணமடைய வாழ்த்தியோர் ஒரு கட்சி. கோடிக் கணக்கில் சம்பளம் பெறுபவருக்கு மலையில் என்ன வேலை என்று சீறியோர் மற்றொரு கட்சி.

சீறியவர்கள் அஞ்சிய பிரளயம் வந்ததா? அந்த ஆண்டு லீக் பட்டத்தை, கடைசி நாள் ஆட்டத்தில் கோல் வித்தியாசத்தினாலாயினும், பயர்னே வென்றது. 2023 அக்டோபர் 28-ந் தேதி நொய்யர் மறுபடியும் கோல் கம்பங்களுக்கிடையே வந்து நின்றார். அன்று பயர்ன் 8 கோல் போட்டது; அவரிடம் ஒன்றும் நுழையவில்லை. அடுத்த மாதமே கிளப் அவருடைய ஒப்பந்தத்தை 2025 ஜூன் வரை நீட்டித்தது. பணம் கொடுத்த முதலாளி பொறுத்துக்கொண்டார்; பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

நமது தேசத்திலும் அதே மாதத்தில் இதற்கு ஒப்பான சம்பவம் நேர்ந்தது. ஆட்டம் வேறாயினும் அபிமானிகளின் மனப்பான்மை வேறல்ல. 2022 டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த், தாயாரைக் காண்பதற்காக டில்லியிலிருந்து ரூர்க்கிக்குத் தாமே கார் ஓட்டிச் சென்றார். ஊரை நெருங்கும் சமயம் கார் சாலைத் தடுப்பில் மோதி உருண்டு தீப்பற்றி எரிந்தது. அவர் கண்ணயர்ந்து விட்டதாகப் போலீஸார் கூறினர். சாலைக் குழியைத் தவிர்க்கப் பார்த்ததாக வேறு சிலர் கூறினர். நெற்றியில் வெட்டுக் காயம், வலது முழங்காலில் ஜவ்வுக் கிழிவு, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அடி, முதுகெல்லாம் சிராய்ப்பு. கோயில்களில் அவருக்காகப் பிரார்த்தித்த ஜனங்கள் உண்டு, அவர்களை வணங்குகிறோம். ஆனால் இரத்தம் வழிந்த முகத்தின் படத்தைக் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பி வேடிக்கை பார்த்தவர்களும் இருந்தார்கள். தேசத்தின் சொத்தான ஆட்டக்காரர் இரவில் தனியே கார் ஓட்டலாமா என்று நீதிபதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள்.

தேசத்தின் சொத்து! இந்தச் சொல்லைக் கேட்கும்போதே நமக்குக் கூச்சம் உண்டாகிறது. வயலும் வீடும் சொத்தாகலாம். மனிதன் சொத்தாக மாட்டான். தாயைப் பார்க்கப் போகும் மகன், போகும் வழியில் யாருக்கும் சொத்தல்ல.

சில சம்பவங்கள் நகைப்புக்கும் இடமாகின்றன. 2002-ல் ஸ்பெயின் அணியின் கோல் கீப்பர் கான்யிஸாரெஸ், உலகக் கோப்பைக்குப் புறப்படவிருந்த சமயத்தில் வாசனைத் திரவப் புட்டியைக் கை நழுவ விட்டார். சிதறிய கண்ணாடி காலில் தைத்துத் தசைநாணை அறுத்தது. அந்தக் கோப்பையில் அவர் ஆடவே இல்லை. 2012-ல் வாலென்ஸியா கிளப்பின் பானேகா, பெட்ரோல் பங்கில் ஹாண்ட் பிரேக் போட மறந்தார். நகர்ந்த கார் அவர் கணுக்காலின் மேலேறி, அந்த சீசனில் எஞ்சியிருந்ததை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் சிரித்து முடித்தபின் யோசிக்கவும் வேண்டும். மலையேறக் கூடாது, கார் ஓட்டக் கூடாது என்று ஆரம்பித்தால் அந்தத் தடையுத்தரவு எங்கே போய் முடியும்? ஆட்டக்காரர் குளிக்கவும் கூடாது, பெட்ரோல் போடவும் கூடாது என்று முடியும். ஆட்டமில்லாத நேரத்தில் அவரைப் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதுதான்.

எதிர்க்கட்சியின் வாதத்தில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. அபிமானி சும்மா இருக்கிறவன் அல்ல. வயிற்றைக் கட்டி டிக்கட்டு வாங்குகிறான், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறான், தன் வாழ்க்கையில் கிட்டாத வெற்றியை அந்த அணியின் வெற்றியில் கண்டு மகிழ்கிறான். அந்த நம்பிக்கை ஒரு நாளில் முறியும்போது அவனுக்கு வலிப்பது இயல்பே. பெரிய சம்பளம் வாங்குபவர் தேகத்தைப் பேண வேண்டும் என்பதும் சரியே. அபாயகரமான காரியங்களில் ஈடுபடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு உண்டு. எழுதியதை மீறினால் விளக்கங் கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் அது கையெழுத்திட்ட இருவருக்குள் தீர வேண்டிய வழக்கு. டிக்கட்டு வாங்கியவன் ஆட்டத்தை வாங்கினானேயன்றி ஆட்டக்காரரை வாங்கவில்லை. ஆட்டம் சோம்பலாக இருந்தால் கண்டிக்கட்டும். பந்தயத்தில் பொய்யாடினால் தூற்றட்டும். ஓய்வு நாளுக்குக் கணக்குக் கேட்க அவனுக்கு அதிகாரமில்லை.

இவ்வதிகாரத்தைத் தனக்குத்தானே எடுத்துக்கொள்ளும் அம்பத்தூர்த் தொழிலாளியை நோக்கி நாம் ஒன்று கேட்கிறோம். "டியூட்டியில் அடிபட்டானா, வெளியில் அடிபட்டானா?" என்ற கேள்வியை அவன் இதற்குமுன் எங்கும் கேட்டதில்லையா? கேட்டிருக்கிறான். தன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நின்றபோது கேட்டிருக்கிறான். இந்தச் சொற்கள் அபிமானியின் சொற்களல்ல. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட சொற்கள். அவற்றால் அல்லற்பட்டவனே அவற்றை எடுத்து மற்றொரு உழைப்பாளியின்மீது வீசுவதுதான் நமக்கு வருத்தம் தருகிறது.

இந்தக் கணக்கைச் சற்று விவரமாகப் பார்ப்போம். சுதந்தரம் வந்த மறு ஆண்டிலேயே, 1948-ல், தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம் இயற்றப்பட்டது. ஜனங்கள் வாயில் அது ஈ.எஸ்.ஐ. ஆயிற்று. இத்திட்டத்தில், வேலையினால் காயமுற்று வேலை செய்ய இயலாது போனவனுக்கு, இயலாமை தீரும்வரை சம்பளத்தில் 90 சதவிகிதம் கிடைக்கும். அதே தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை பந்தாடிக் காலை முறித்துக்கொண்டால் அது நோய்க் கணக்கில் சேரும். 70 சதவிகிதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை. சிகிச்சை இருவருக்கும் உண்டு. கால் ஒன்றுதான், முறிந்த கிழமையைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது.

ஆயினும் அச்சட்டத்தை இயற்றியவர்கள் வெளியில் அடிபட்டவனை அடியோடு கைவிட்டு விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நோய்க்காலப் பணம் பெற்றுக்கொண்டிருக்கும் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 73-வது பிரிவில் கண்டிப்பாக எழுதி வைத்தார்கள். உனக்கு அங்கே என்ன வேலை என்று சட்டம் அவனைக் கேட்கவில்லை. 1948-ம் வருஷத்துச் சட்டத்துக்கு இருந்த இரக்கம் இன்றைய அபிமானிக்கு இல்லையே என்பதுதான் நமது குறை. வீட்டிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்தையும் வேலைக் காயமாகவே கருத வேண்டும் என்ற திருத்தம் 2010-ல் வந்தது. ஆலை வாசலுக்கு வெளியேயும் தொழிலாளிக்குத் தேகம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளச் சட்டத்துக்கே 62 ஆண்டுகள் பிடித்தன. அதைப் போராடிப் பெற்ற ஜனங்கள், அந்தத் தர்மத்தை ஆட்டக்காரருக்கு மறுக்கலாமா?

பதிவேட்டில் பெயர் ஏறாத ஒப்பந்தக் கூலியின் நிலைமை இதனினும் பரிதாபம். அவனுக்கு 90-ம் இல்லை, 70-ம் இல்லை. ஒரு மாதம் கட்டிலில் கிடந்து எழுந்து வந்தால் அவன் நின்ற இடத்தில் மற்றொருவன் நிற்பான். கிரிக்கெட் வாரியம் என்ன செய்தது? பந்த் ஓட்டம் எடுக்காமல் கட்டிலில் கிடந்த 2023 மார்ச்சில், ஆண்டுக்கு ரூ. 5 கோடி பெறும் பிரிவில் அவர் பெயரைப் போட்டது. தன் மருத்துவக் குழுவைக் கொண்டு சிகிச்சையைக் கண்காணித்தது. பம்பாய்க்கு விமானத்தில் கொண்டு சென்று அறுவை நடத்தியது. இதைக் கண்டு நாம் பொறாமை கொள்ளவில்லை. வெளியில் அடிபட்டவரையும் காப்பாற்றிக் காத்திருப்பதே சரியான முறை என்கிறோம். காத்திருந்ததின் பலனையும் தேசம் கண்டது. 2024 ஜூனில் பார்படாஸில் உலகக் கோப்பை வென்ற அணியில் அவர் ஆடினார். அதே ஆண்டு செப்டம்பரில், நமது சேப்பாக்கம் மைதானத்திலேயே, விபத்துக்குப்பின் ஆடிய முதல் டெஸ்டில் 109 ஓட்டங்கள் எடுத்தார். அன்று எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தில், முன்னர் அவரை ஏசியவர்களும் இருந்திருப்பார்கள்.

இவ்விரண்டு கால்களைப் பற்றிப் பேசிய தேசம் மூன்றாவது கால் ஒன்றை எத்தனை நாள் நினைவில் வைத்திருந்தது? அதே 2022-ல், நவம்பர் மாதம், வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, ராணி மேரிக் கல்லூரி மாணவி, முழங்கால் ஜவ்வுக் கிழிவுக்காகப் பெரியார் நகர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொண்டாள். அறுவைக்குப்பின் போட்ட இறுக்கமான கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காலையே எடுத்தார்கள், உயிரும் நிற்கவில்லை. நவம்பர் 15-ந் தேதி அந்தக் குழந்தை மாண்டாள். கவனக் குறைவு நேர்ந்ததென்று மந்திரியே ஒப்புக்கொண்டார், இரு டாக்டர்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள், குடும்பத்துக்கு ரூ. 10 லட்சம் கொடுக்கப்பட்டது. பெயரைச் சொல்லி அந்தக் குடும்பத்தின் புண்ணைக் கிளற நாம் விரும்பவில்லை.

நவம்பர் 15 முதல் டிசம்பர் 30 வரை 45 நாட்கள். அதற்குள் மூன்று கால்கள். பந்துக்குக் கிழிந்ததும் முழங்கால் ஜவ்வு. அந்தப் பெண்ணுக்குக் கிழிந்ததும் முழங்கால் ஜவ்வு. அவர் நூறு அடிக்க மீண்டு வந்தார், இவள் வரவில்லை. இவளுக்கு ஒப்பந்தமில்லை, சம்பளமில்லை. ஆகவே டியூட்டியுமில்லை, ஓய்வுமில்லை. ஆட்டத்தின்மீது கொண்ட ஆசை ஒன்றே இருந்தது. அபிமானிகளின் கண்ணீருக்கு முதல் பாத்தியதை யாருக்கு என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இன்னொருவரையும் நினைவூட்டுகிறோம். தஞ்சாவூர் தந்த கால்பந்து வீரர் கால்யா குலோத்துங்கன், 2003-ல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் ஆடியவர். கல்கத்தா ஜனங்கள் தோளில் தூக்கிக் கொண்டாடிய அணி அது. 2018 செப்டம்பரில் அவர் தமது சொந்த ஊரிலேயே மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டார். அவர் பெயரை இன்று ஆவடித் திடலில் பந்து உதைக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? நட்சத்திரத்தைக் கொன்ற சாலையும், சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் இரவு ஷிப்டு முடிந்து கண் சொருக வண்டி ஓட்டும் தொழிலாளியை விழுங்கப் பார்க்கும் சாலையும் வேறு வேறல்ல. ஆட்டக்காரர் ஏன் இரவில் ஓட்டினார் என்று கேட்பவன், தன் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

பந்த் உயிர் பிழைத்த கதையில் நமது மனத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. எரியும் காருக்கு அருகில் பஸ்ஸை நிறுத்தி ஓடி வந்தவர்கள் ஹரியானா போக்குவரத்துக் கழகத்தின் டிரைவரும் கண்டக்டரும். கிரிக்கெட் பார்க்கும் வழக்கமே தமக்கில்லை, அடிபட்டவர் யாரென்று தெரியாது என்று அந்த டிரைவர் பின்னர் கூறினார். ஆகவே அவரைக் காப்பாற்றியது அபிமானமல்ல. டியூட்டியிலிருந்த இரண்டு தொழிலாளிகள், டியூட்டியில் இல்லாத ஒரு மனிதரை, மனிதர் என்ற ஒரே காரணத்துக்காகக் காப்பாற்றினார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டமும் இந்தத் தர்மத்தை ஒட்டியதே. சாலை விபத்தில் அடிபட்டவன் எந்த ஊரான், எந்த மாகாணத்தான் என்று பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிப்பது அதன் நோக்கம். அடிபட்டவனைப் பார்த்துக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எங்கே வலிக்கிறது?" என்பதே.

இனிச் செய்ய வேண்டியது என்ன? அபிமானிகள் தங்கள் கோஷ்டிகளிலே ஒரு கட்டுப்பாட்டை ஏற்படுத்திக்கொள்ளட்டும். அடிபட்டவரின் படத்தைப் பரப்புவதில்லை, ஓய்வு நாளுக்குக் கணக்குக் கேட்பதில்லை என்று உறுதி கொள்ளட்டும். தொழிற்சங்க ஊழியர்கள் இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடலாகாது. ஒப்பந்தத் தொழிலாளி ஒவ்வொருவன் பெயரும் ஈ.எஸ்.ஐ. பதிவில் ஏறியிருக்கிறதா என்று எஸ்டேட்டில் ஆலை ஆலையாகச் சென்று பார்க்க வேண்டும். விளையாட்டில் காயமுற்று வருபவனுக்கு வேலை போகாதிருக்க முதலாளிகளிடம் எழுத்து மூலம் உறுதி பெற வேண்டும். சர்க்காரை நாம் கேட்பது இதுதான்: மேற்குப் புறநகரில் பந்தாடும் பிள்ளை முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், அதில் தேர்ச்சி பெற்ற டாக்டரிடம் அவனைக் கொண்டு சேர்க்க ஒழுங்கான ஏற்பாடு வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் அறுவைக்குப்பின் மணிக்கு மணி கவனித்து எழுதி வைக்கும் முறை தவறாமல் நடக்கிறதா என்று மேலதிகாரிகள் பரிசோதிக்கவும் வேண்டும். வியாசர்பாடிக் குழந்தையின் பொருட்டு நாம் செய்யக்கூடிய அஞ்சலி அதுவே.

கால் அதை உடையவனுக்கே சொந்தம். அவன் அதைக்கொண்டு ஆடும் ஆட்டம் நமக்கு அவன் தரும் கொடை. கொடுத்தவனுக்கு நோய் வந்தால் கடன்காரனைப்போல் வாசலில் நின்று கூச்சலிடுவது தமிழர் முறையல்ல. நட்சத்திரத்துக்கு இந்த மரியாதையைக் கொடுக்கப் பழகிய ஜனங்களே, நாளை தங்கள் காலுக்கும் அதே மரியாதையை முதலாளியிடமும் சர்க்காரிடமும் தலை நிமிர்ந்து கேட்க முடியும்.